வலப்பக்கம் வைத்த ஓட்டை

ஹேமநாதன் ஒரு கண்ணாடிக் கதவுக்காக அந்த வீட்டுக்கு மூன்று முறை போனான். சிரம்பானிலிருந்து இருபது நிமிடம். பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பு அது. கடைசி வரிசை வீடுகளுக்குப் பின்னால் இன்னும் செம்பனை மரங்கள் நின்றன.

அவனுக்கு முப்பத்து நான்கு வயது. கண்ணாடி, அலுமினியக் கதவு பொருத்தும் கடையில் வேலை. முதல் முறை அளவெடுக்கப் போனபோது வீட்டுக்காரி மாதவி அவனைப் பின்பக்கத்துக் கண்ணாடிக் கதவுக்கு அழைத்துப் போனாள். இரண்டு பாளம். ஒன்று நகரும், ஒன்று நகராது. வெளியே இரும்பு கிரில். அவள் இடுப்பில் செம்பட்டை நிறப் பூனை ஒன்று குழந்தைபோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இவன் பேரு ஓயென். நாங்க வேலைக்குப் போயிட்டா பகல் பூரா உள்ளயே அடைஞ்சி கெடக்கான் லா, பாவம். கர்ட்டன எல்லாம் கிழிச்சிட்டான். இவன் போய் வர்ற மாதிரி சின்னக் கதவு ஒண்ணு போடணும்."

ஹேமநாதன் கண்ணாடியை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். "இது டெம்பர் கிளாஸ்க்கா. இதுல ஓட்டை போட முடியாது. மெசின வெச்ச ஒடனே மொத்தமும் பொடியா கொட்டிடும். ஃபேக்டரில புதுக் கண்ணாடி வெட்டி, மொதல்ல ஓட்டை போட்டு, அப்புறந்தான் சூளையில வைப்பாங்க. ரெண்டு வாரம் ஆகும். வந்தப்புறம் எடத்த மாத்த முடியாது, நல்லா யோசிச்சிச் சொல்லுங்க."

"நகராத பாளத்துல, இடப்பக்கம், கீழ."

அறைக்குள் ஒரு பெண் மண்டியிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அறுபது இருக்கும். கைகளில் செம்பனை முள் கிழித்த பழைய தழும்புகள். அவளைக் காட்டி மாதவி சொன்னாள்: "என் வீட்டுக்காரரோட அக்கா. பஞ்சாலைன்னு பேரு. மறதி நோய். எங்கயாச்சும் போயிடுவாங்கன்னு பூட்டிட்டுத்தான் போறோம். நீ எதாவது சாமான் வெச்சா பாத்துக்க."

துடைக்கும் கை நிற்கவில்லை.

முன்பக்கம் போன் அடித்தது. மாதவி போனாள். பஞ்சாலை எழுந்து வந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நீ எந்தத் தோட்டம் தம்பி?"

சொன்னான்.

"விமலா மவனா? மூணாவது டிவிசன்ல உரம் போட்டாளே? நீ பொறந்தப்ப பாக்க வந்தேன். மழையில லோரி சேத்துல மாட்டி நாங்க நாலு பேரு நடந்து வந்தோம். ஒனக்கு எடது கால்ல மச்சம் இருக்கணும்."

இருந்தது.

"எனக்கு மறதி இல்லப்பா. முத்தாயின்னு என் சிநேகிதி, இந்தச் செம்பனைக்கு அந்தாண்ட தோட்ட லயத்து வீட்டுல தனியா இருக்கா. ரெண்டு பேரும் முப்பது வருசம் ஒண்ணா பழம் பொறுக்கினோம். அவளோட போய் இருக்கேன்னு சொன்னேன். அக்காவ வெரட்டிட்டாங்கன்னு ஊரு பேசுமாம். சமைக்கவும் ஆள் வேணும். அதுக்கப்புறந்தான் எனக்கு நோய் வந்தது."

"போலீஸ்ல யார்கிட்டயாச்சும் சொல்லட்டுமா பெரியம்மா?"

"வேணாம். சுகுமாறன் என் தம்பி, நான் தூக்கி வளத்த பையன். அவன் பேரு கெடக் கூடாது. நான் சத்தமில்லாம போயிட்டாப் போதும்." அவள் கண்ணாடிக்கு வெளியே காட்டினாள். வலப்பக்கச் சுவரை ஒட்டிச் செருப்பு ரேக். அதன் கீழ்த்தட்டில் பழைய பூட்ஸ் ஒரு ஜோடி. "என் தம்பி சாவிய தொலைச்சிக்கிட்டே இருப்பான். அவனுக்காக அந்த பூட்ஸ்ல ஒண்ணு போட்டு வெச்சிருக்காங்க. கதவுக்கும் கிரிலுக்கும் சேத்து. ஓட்டைய இந்தப் பக்கம் வெச்சா என் கை எட்டும்."

அவள் கையை நீட்டிக் காட்டினாள். மெலிந்த, நீளமான கை.

"வீட்டுக்கார அக்கா கேட்டா என்ன சொல்றது?"

"அளவு தப்பாயிடுச்சின்னு சொல்லேன்."

ஹேமநாதன் தாளில் 'வலது' என்று எழுதினான். திரும்பி வரும் வழியெல்லாம் அவனுக்குத் தன்னைப் பற்றி நல்ல எண்ணமாக இருந்தது.

இரண்டாம் முறை புதுக் கண்ணாடியோடு போனான். பழைய பாளத்தைக் கழற்றி, புதியதை ஏற்றி, வட்ட ஓட்டையில் பூனைக்கதவைப் பொருத்திச் சுற்றிலும் சிலிக்கோன் வைத்து முடித்தபோது அன்று லீவு போட்டிருந்த மாதவி முன்கூடத்திலிருந்து வந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"நான் இடப்பக்கம்தானே சொன்னேன்?"

"அளவு எழுதறப்ப தப்பாயிடுச்சிக்கா. சோரி."

"அப்ப வேற கண்ணாடி போட்டுக் குடு. ஒங்க டவுக்கேக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன்."

போன மாதம்தான் ஒரு கண்ணாடியை உடைத்து கடை முதலாளி டவுக்கேயிடம் வாங்கிக் கட்டியிருந்தான். இன்னொன்று என்றால் வேலை இருக்காது. சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது. பஞ்சாலை கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. மாதவி போனைக் கையில் எடுத்தாள்.

ஹேமநாதன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நான் இல்லக்கா. பெரியம்மாதான் அந்தப் பக்கம் வைக்கச் சொன்னாங்க. பூட்ஸ்ல இருக்கற சாவி எட்டணுமாம்."

மாதவி ரேக்கைப் பார்த்தாள். ஓட்டையைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தான். அவள் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"ஓ. அப்படியா. சரி, இருக்கட்டும் லா. நல்லாத்தான் இருக்கு."

அவனுக்கு ஐஸ் மைலோ கலந்து கொடுத்தாள். கிளம்பும்போது பஞ்சாலை சமையலறையிலிருந்து அவனைப் பார்த்து ஒரே ஒரு முறை தலையை ஆட்டினாள். அவன் காட்டிக்கொடுத்தது அவளுக்குக் கேட்டிருக்கவில்லை. கும்பிடாத குறையாக இருந்தது அந்தப் பார்வை.

மூன்று வாரம் கழித்து மாதவி கூப்பிட்டாள். மழை பெய்தால் பூனைக்கதவைச் சுற்றித் தண்ணீர் கசிகிறதாம். சனிக்கிழமை போனான். வாசலில் சுகுமாறன் தண்ணீர் பம்பை ஓடவிட்டுக் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். மாதவி ஹேமநாதனைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வா தம்பி, ஒண்ணு காட்டறேன். இது ஒன் வேலைதான்."

போனில், வீட்டின் பின்சுவரில் புதிதாக மாட்டிய கேமராவின் படம். பூனைக்கதவு வழியாக ஒரு கை வெளியே வந்திருந்தது, தோள் வரைக்கும். கண்ணாடிக்குப் பின்னால் கன்னம் அழுந்திச் சப்பையாகத் தெரிந்தது. பூட்ஸை ரேக்கின் கோடிக்கு நகர்த்தியிருந்தார்கள். விரல்கள் தரையைத் தடவித் தடவி நின்றன. நாலு விரல் அளவு குறைந்தது. வெளியிலிருந்து வந்த ஓயென், அந்தக் கை வழியை அடைத்திருப்பதைப் பார்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டது.

"தெனமும் லா," என்றாள் மாதவி. "நாங்க காடிய எடுத்து அஞ்சு நிமிசம் ஆகாது, படுத்துடுவாங்க. ஆபீஸ்ல எல்லாரும் இப்ப கேக்கறாங்க, இன்னிக்கு எட்டிச்சான்னு."

"எட்டிட்டா?" என்று ஹேமநாதன் கேட்டான்.

"எட்டட்டுமே. அன்னிக்கே மாத்திட்டோம். இப்ப அதுல இருக்கறது எங்க பழைய லோபாக் வீட்டுச் சாவி."

சுகுமாறன் சோப்பு நுரையைக் கையிலிருந்து உதறினான். "எட்டற மாதிரி இருந்தா ஒரு விரக்கடை தள்ளி வெச்சிடுவேன்," என்றான். "அக்காக்கும் பொழுது போவணுமில்ல." பிறகு அவர்கள் முகத்தைப் பார்க்காமல் டயரைக் கழுவக் குனிந்தான்.

அப்போது கேட்டருகே குடை பிடித்த ஒரு வயதான பெண் வந்து நின்றாள். கையில் பலாச்சுளை வைத்த பிளாஸ்டிக் பை.

"நான் முத்தாயிம்மா. பஞ்சாலைய பாக்கலாம்னு நடந்தே வந்தேன். போன மாசமும் வந்தேன், தூங்கறாங்கன்னு சொன்னீங்க."

சுகுமாறன் நிமிரவில்லை. பம்பின் விசையை இன்னும் கொஞ்சம் கூட்டினான். அந்தச் சத்தத்தில் முன்வாசல் பேச்சு வீட்டுக்குள் போக வழியில்லை.

மாதவி கேட்டைத் திறக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் உண்மையான துக்கம்போல் ஒன்று வந்தது. "இப்ப யாரையும் தெரியறதில்லம்மா. புது ஆளப் பாத்தா அழுதுடறாங்க. நான் சொன்னா நம்ப மாட்டீங்க. இதோ இந்தத் தம்பியக் கேளுங்க, வீட்டுக்குள்ள வேல செஞ்சிருக்கு."

முத்தாயி அவனைப் பார்த்தாள். "ஒன்னோட பேசினாளா தம்பி? புத்தி தெளிவா இருந்தாளா?"

மாதவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாதாரணமாகத்தான் பார்த்தாள். அந்தச் சாவி விஷயத்தில் தானும் இருப்பதை அவள் எப்போது வேண்டுமானாலும் டவுக்கேயிடம் சொல்லலாம் என்று ஹேமநாதன் நினைத்தான். உள்ளே இருப்பவளிடமும் சொல்லலாம்.

"இல்ல பெரியம்மா," என்றான். "ஒண்ணும் தெரியல அவங்களுக்கு."

முத்தாயி குடையை மறு கைக்கு மாற்றினாள். "ஒரு ரூமு அவளுக்குன்னு வெச்சிருந்தேன்," என்றாள். "என் தங்கச்சி மவ வந்து இருக்கேங்கறா. சரின்னு சொல்லிடறேன்." பலாச்சுளையைக் கம்பி வழியாகக் கொடுத்துவிட்டு வந்த வழியே நடந்தாள்.

பக்கச் சந்து வழியாக ஹேமநாதன் பின்பக்கம் போனான். பழைய சிலிக்கோனைக் கத்தியால் சுரண்டத் தொடங்கியதும் பஞ்சாலை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து குந்தினாள். பூனைக்கதவைத் தூக்கிக்கொண்டு அதன் வழியாகப் பேசினாள்.

"முன்னால யாரு வந்தது?"

"சாமான் விக்கறவங்க."

"ஓட்டைய நல்லாத்தான் வெச்சிருக்க. பூட்ஸ யாரோ நகத்திட்டாங்க, பெருக்கறப்ப இருக்கும். ஆனா பாரு." முந்தானைக்குள்ளிருந்து ஒரு கம்பியை எடுத்தாள். துணி மாட்டும் ஹேங்கரை நிமிர்த்தி நுனியைக் கொக்கியாக வளைத்திருந்தாள். "திங்கக் கெழம எடுத்துடுவேன். முத்தாயிக்கு என்ன கொண்டு போறதுன்னுதான் தெரியல. வெறுங்கையோட போவக் கூடாதில்ல?"

அவளுடைய தோளில் கண்ணாடி விளிம்பு அழுத்திய நீலக் கோடுகள் வட்ட வட்டமாக இருந்தன. அவன் அவற்றைப் பார்த்தான். அது வேறு வீட்டுச் சாவி என்று சொல்ல நாலு சொல் போதும். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பாள்.

"பாத்து பெரியம்மா," என்றான். "கம்பி கையைக் கிழிச்சிடப் போவுது."

சிலிக்கோனை நன்றாகவே வைத்தான். இனி ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது.

திங்கட்கிழமை மதியம் ரஹாங்கில் ஒரு கடையின் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மாதவியிடமிருந்து வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. ஹேமநாதன் லோரிக்குள் போய் உட்கார்ந்து பார்த்தான்.

கம்பி வெளியே வந்தது. மூன்று முறை வழுக்கியது. நாலாவது முறை பூட்ஸின் கயிறு மாட்டிக்கொண்டது. பூட்ஸ் தரையில் இழுபட்டு மெதுவாக வந்தது. கை உள்ளே நுழைந்து சாவியை எடுத்தது. பஞ்சாலை எழுந்து நிற்பது கண்ணாடி வழியே தெரிந்தது. தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டாள். ஒரு சின்னத் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு சாவியைப் பூட்டில் வைத்தாள்.

சுழலவில்லை. எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தாள். திருப்பி வைத்தாள். முந்தானையில் எண்ணெய் தொட்டு வந்து தடவி வைத்தாள். மாதவி அந்த இடத்தை வெட்டாமல் விட்டிருந்தாள். வெகுநேரம் போயிற்று.

கடைசியில் பஞ்சாலை பையைக் கழற்றினாள். படுத்துக் கையை வெளியே நீட்டிச் சாவியை பூட்ஸுக்குள் போட்டாள். கம்பியால் பூட்ஸைத் தள்ளித் தள்ளி அது முன்பு இருந்த இடத்துக்கே கொண்டு போனாள். தரையில் பூட்ஸ் இழுபட்ட தடத்தை எட்டிய மட்டும் உள்ளங்கையால் துடைத்தாள். தான் செய்தது யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்று அவ்வளவு கவனமாகச் செய்தாள். பிறகு எழுந்து மணி பார்த்துவிட்டு அரிசி களையப் போனாள்.

வீடியோவுக்குக் கீழே சிரிக்கும் பொம்மைகள் ஆறு. அதற்குக் கீழே எழுதியிருந்தது: "தம்பி, மேல்மாடி ஜன்னல் நாலுக்கும் கிரில் போடணும். எப்ப வர்ற?"

ஹேமநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வெளியே டவுக்கே அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவன் கட்டைவிரலால் அடித்தான்.

"வியாழக்கிழமை வரேன்க்கா."