உரையில் இல்லாத தாய்மாமன்

"உன் அண்ணனை மட்டும் எடுத்துடலாம் கண்ணு," என்றாள் பெத். ஜோலின் எழுதிவந்த உரையில் அந்தப் பத்தியின் மேல் கோடு இழுத்து முடித்த பிறகுதான் இதைச் சொன்னாள். ஆகவே அது யோசனை கேட்பதாக இல்லை.

பெத் ஹால்வர்சன் கல்லூரிக்கு நன்கொடை திரட்டுகிறவள். கெட்டவள் இல்லை. கல்லூரி வளாகத்திலிருக்கும் குழந்தைகள் காப்பகத்துக்கு அரசாங்கம் கொடுத்துவந்த பணம் ஜூன் மாதத்தோடு நிற்கிறது. காப்பகம் மூடினால், அங்கே பிள்ளையை விட்டுவிட்டுப் படிக்கிற ஏழை அம்மாக்களும் இரண்டு மூன்று அப்பாக்களும் படிப்பை மூட்டை கட்ட வேண்டியதுதான். அதற்காகத்தான் துலூத் நகரத்துப் பெரிய மனிதர்களை அழைத்து ஒரு மதிய விருந்து. விருந்தில் ஒரு மாணவி எழுந்து தன் கதையைச் சொல்ல வேண்டும். பெரிய மனிதர்களுக்குக் கண்ணும் கலங்க வேண்டும், சூப்பும் ஆறக் கூடாது. அந்த அளவுக்கு ஒரு கதை.

அந்த மாணவி ஜோலின் கோஸ்கி. எக்ஸ்ரே படிப்பில் இரண்டாம் வருடம். மகன் மைலோவுக்கு மூன்று வயது. அவனுடைய அப்பன் போன திசை தெரியாது.

"அண்ணன் பாத்துக்கிட்டான்னு சொன்னா, 'அதான் வீட்லயே ஆள் இருக்கே, அப்புறம் நாங்க எதுக்கு'ன்னு கேப்பாங்க," என்றாள் பெத். "இவங்களை எனக்குத் தெரியாதா?"

ஜோலின் சரியென்றாள். மைலோவின் இடம் போனால் அவள் படிப்பும் போய்விடும். அதற்கு முன்னால் ஒரு பத்தி என்ன பெரிய விஷயம்?

ஆனால் அந்தப் பத்தியில் இருந்தது ஒரு முழு வருடம். காப்பகத்தில் இடம் கிடைக்கும்வரை மைலோவை வைத்துக்கொண்டது அவள் அண்ணன் டேரில். அவன் இழுவை வண்டி ஓட்டுகிறவன். பனிக்காலத்தில் துலூத்தின் சரிவுத் தெருக்களில் சறுக்கிப் பள்ளத்தில் விழும் கார்களைத் தூக்கிவிடுவது அவன் பிழைப்பு. பையனைத் தன் பக்கத்தில் பெல்ட் போட்டு உட்காரவைத்து, கையில் பிஸ்கட்டைக் கொடுத்து, ஊர் முழுக்கச் சுற்றினான். நெடுஞ்சாலை வேலையில்தான் நல்ல காசு. பிள்ளையை வண்டிக்குள் வைத்துக்கொண்டு லாரிகள் பறக்கிற இடத்தில் நிறுத்த மாட்டேன் என்று அதை அடியோடு விட்டுவிட்டான். ஜோலின் ஒரு நாள் கூட வகுப்புக்கு மட்டம் போடவில்லை.

அண்ணனை எடுத்த இடத்தில் கதை பல்லிழந்த வாய்போல ஓட்டையாக நின்றது. அதை அடைக்க அன்று ராத்திரி ஜோலினே உட்கார்ந்து எழுதினாள். 'என் பிள்ளை கண்டவர்களின் வண்டியில், டீசல் நாற்றத்தில் தூங்கினான். அவன் பத்திரமாக இருக்கிறானா என்று தெரியாமலே நான் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன்.' பேனா ஒரு இடத்திலும் தயங்கவில்லை. பெத் அதைப் படித்துவிட்டு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

விருந்தன்று காலை குளிரில் ஜோலினின் கார் உயிரை விட்டது. வேறு வழி? டேரிலைத்தான் கூப்பிட்டாள். மைலோவைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, அவளை ஏரிக்கரை ஹோட்டலில் கொண்டுவந்து இறக்கினான்.

"நீ கெளம்புண்ணா. உனக்கு வேலை இருக்கும்."

"வேலை கெடக்குது. என் தங்கச்சி மைக்ல பேசப் போறா, நான் போய் பஞ்சர் பாத்துக்கிட்டு இருக்கவா?"

"உனக்குப் போரடிக்கும்ணா."

"சூப் குடுப்பாங்கல்ல? அப்ப அடிக்காது."

பின்வரிசை மேசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. எண்ணெய்க் கறை போகாத கையை மேசைத் துணிக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். காட்டரிசி சூப் வந்தது.

ஜோலின் மேடையேறினாள். முதல் பாதி நன்றாகப் போயிற்று. அந்த இரண்டு வரி நெருங்கியது. தாண்டிவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் முன்வரிசையில் கார் வியாபாரி ஸ்ட்ராண்ட் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், பெத் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசித்தாள். பின்வரிசையில் டேரிலின் கரண்டி கிண்ணத்துக்கு மேலேயே நின்றது. பிறகு அதை மெதுவாகக் கீழே வைத்தான்.

கைதட்டல் அடங்குவதற்குள் ஸ்ட்ராண்ட் எழுந்துவிட்டார். காப்பகத்தின் இரண்டு வருடச் செலவு தன் பொறுப்பு என்றார். பெத் நிஜமாகவே அழுதாள். ஜோலினுக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது. பின்வரிசைப் பக்கம் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

வாசலில் டேரில் அவளுடைய கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். வழியனுப்ப வந்த ஸ்ட்ராண்ட் அவனைப் பார்த்தார்.

"தம்பி யாரு?"

'என் அண்ணன்.' வாய்வரைக்கும் வந்தது. மைலோவுக்கு மாமா, அந்த வண்டி இவனுடையதுதான் என்று அடுத்தடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். அவள் ஸ்ட்ராண்டின் டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இழுவை வண்டிக்காரன் சார்," என்றான் டேரில். "இவங்க கார் மக்கர் பண்ணிடுச்சு. ஏத்திக்கிட்டு வந்தேன்."

"நல்ல காரியம் பண்ணினப்பா." ஸ்ட்ராண்ட் ஒரு நோட்டை எடுத்து அவன் சட்டைப்பையில் செருகித் தோளில் தட்டினார். "பாப்பாவைப் பத்திரமா கொண்டுபோய் விடு."

"சரிங்க சார். தேங்க்ஸ் சார்."

ஜோலின் கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டாள். அவமானத்தில் காது மடல் எரிந்தது. பிறந்ததிலிருந்து தன்னோடு சண்டை போட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவனை இனாம் வாங்கவைத்துவிட்டோமே என்று இருந்தது.

வண்டி மலையேறத் தொடங்கியதும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"மன்னிச்சிடுண்ணா."

"எதுக்குடி? பையனுக்கு எடம் நிலைச்சுதா இல்லையா? அது போதும்."

டேரில் இரண்டு தெருவைத் தாண்டினான். கியரை மாற்றினான், மறுபடியும் மாற்றினான். பிறகு சாலையிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டான்.

"ஜோ, என்னை விட்டுட்டது பரவால்ல. அந்த 'கண்டவங்க வண்டி', 'பத்திரமா இருக்கானான்னு தெரியல'ன்னு வந்துச்சே, அது... அந்த பெத் அம்மா எழுதினதுதானே?"

அவன் காசையோ கௌரவத்தையோ கேட்கவில்லை. அந்த ஒரு வருடமும் தங்கை தன்னை நம்பித்தான் பிள்ளையைக் கொடுத்தாளா என்று கேட்கிறான். நம்பித்தான் கொடுத்தாள். அதைச் சொல்ல வேண்டுமானால், பிறகு ஏன் அப்படி எழுதினாய் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

"ஆமாண்ணா," என்றாள். "அவங்க எழுதினதுதான்."

டேரில் மூச்சை நீளமாக விட்டான். தோள் இரண்டும் இறங்கின. காலையிலிருந்து பார்க்காத சிரிப்பு முகத்தில் வந்து உட்கார்ந்தது.

"அதானே பாத்தேன். நீ எழுதியிருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்டி," என்றான். "அவங்க பொழப்பு அது. பாவம், விடு."

காப்பகத்தின் வாசலில் வண்டியை நிறுத்தி, அவன்தான் முதலில் இறங்கினான். ஜோலினுக்கு உடனே இறங்க முடியவில்லை.