வந்து சேராத வண்டி

ஆம்புலன்ஸ் அலுவலகத்து மேலாளருக்குச் ‘சராசரி சார்’ என்று பட்டப்பெயர் வைத்தது அவள்தான். எதைக் கேட்டாலும் சராசரி சொல்வார். கூரை ஒழுகுகிறது என்றால்கூட, வருஷம் முழுக்கச் சராசரியாகப் பார்த்தால் ஒழுகவில்லை என்பார். அவருக்குக் கீழே டேட்டாபேஸைக் கட்டி மேய்க்கிற வேலை அவளுக்கு.

அன்று அவள் கிண்டலடிக்கிற நிலையில் இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் இரண்டு வண்டிகளில் ஒன்றை எடுத்துவிடலாம் என்று மேலாளர் எழுதிய அறிக்கை மேசையில் கிடந்தது. மதியம் கமிட்டி கூடுகிறது. தலைவி சரியென்றால் வண்டி போய்விடும். ‘அந்தப் பகுதி மக்கள் காத்திருக்கும் நேரம் மிகக் குறைவு’ என்று வாய் கூசாமல் எழுதியிருந்தார். அங்கேதான், இரண்டு வண்டியும் வேறெங்கோ போயிருந்த நேரத்தில், அவளுடைய பெரியப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடியே செத்துப்போனார். ஒரு மாதம்கூடச் சரியாக ஆகவில்லை.

“வருது வருதுன்னே சொன்னாங்கடி,” என்று பெரியம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு டேட்டாபேஸைத் திறந்தாள். ஒவ்வொரு அழைப்புக்கும் இரண்டு வரிகள் பதிவாகும். போன் வந்தது ஒன்று, வண்டி போய்ச் சேர்ந்தது இன்னொன்று. டேட்டாபேஸிலிருந்து கணக்கெடுக்க மேலாளர் தானே எழுதிய கட்டளை, அந்தக் குவரி, இரண்டையும் ஜோடி சேர்த்து, பின்னதிலிருந்து முன்னதைக் கழித்துச் சராசரி போட்டிருந்தது. கழித்தலில் பிழை இல்லை. பெரியப்பாதான் அதில் இல்லை. தேடியதில் போன் வந்த வரி மட்டும் ஒற்றையாகக் கிடைத்தது.

காரணம் தெரிந்ததுதான். வழியிலேயே ‘முடிஞ்சுபோச்சு’ என்று தகவல் வந்தால் டிரைவர்கள் வண்டியைத் திருப்பிவிடுவார்கள். ‘சேர்ந்தாச்சு’ பொத்தானை அமுக்க மாட்டார்கள். போகாத வீட்டுக்குப் போனதாக எப்படி அமுக்குவது, அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் ஜோடி இல்லாத வரியை அந்தக் குவரி தொடாது. காத்திருந்தே செத்த அத்தனை பேரையும் ஒதுக்கிவிட்டு, இங்கே யாரும் அதிகம் காத்திருப்பதில்லை என்று ஊர் காதில் பூச்சுற்றுகிறார். அவளுக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறியது. நேரே அவர் அறைக்குப் போய்க் கேட்டாள்.

“அதெல்லாம் அரைகுறை வரிம்மா. முடிவு நேரமே இல்லாம எதைக் கழிக்கிறது? தூக்கிட்டேன்,” என்றார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி.

“தெரிஞ்சேதான் தூக்கினீங்களா சார்?”

“கணக்கு சுத்தமா இருக்கணும்ல?”

சுத்தமாம். அந்தக் கண்ணாடியைப் பிடுங்கிக் காலில் போட்டு மிதிக்கத் தோன்றியது. இடத்துக்கு வந்து குவரியை மாற்றினாள். பொய் அழைப்புக்கும், வேண்டாமென்று சொன்னதற்கும் தனி அடையாளம் உண்டு, அவற்றை விலக்கினாள். மற்ற ஒற்றை வரிகளை உள்ளே கொண்டுவந்தாள். வண்டி சேர்ந்த நேரம் இல்லாத இடத்தில், குவரி ஓடுகிற அந்த நொடியின் கடிகார நேரத்தையே வைத்துக் கழிக்கச் சொன்னாள்.

கூட்டத்தில் மேலாளர் பேசி முடித்து, திரையை இயக்க உட்கார்ந்திருந்த அவளிடம், “அந்தச் சராசரியைக் காட்டும்மா,” என்றார். காட்டினாள். நிமிடத்தில் இருந்த சராசரி மணிக்கணக்கில் நின்றது. மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை.

“இந்தப் பொண்ணு ஏதோ தப்பா ஓட்டிடுச்சு மேடம்.”

தலைவி சராசரிக்குக் கீழே இருந்த பட்டியலின் முதல் வரியை உற்றுப் பார்த்தார். “இதென்ன, வாரக்கணக்கா? யாரு இவ்வளவு நேரம் வண்டிக்குக் காத்திருப்பாங்க?”

“என் பெரியப்பா மேடம். வண்டி இன்னும் போய்ச் சேரலை.” அவர் செத்ததைச் சொன்னாள், அமுக்காத பொத்தானைச் சொன்னாள், தூக்கிப்போட்ட வரிகளைச் சொன்னாள். “நான் போட்டது உண்மையான நேரம் இல்லதான். அப்போ இவங்களுக்கு எந்த நேரத்தைப் போடணும்னு சார் சொல்லட்டும்.”

தலைவி அறிக்கையை மூடித் தள்ளிவைத்தார். “ரெண்டு வண்டியும் அங்கேயே நிக்கட்டும்.”

நினைத்தது நடந்துவிட்டது. கோபம் மட்டும் ஒரு துளி குறையவில்லை. மேலாளர் அதற்குள் அடுத்த விஷயத்துக்குக் காகிதம் புரட்ட ஆரம்பித்திருந்தார்.

“அந்தத் திரையை மூடும்மா,” என்றார், அவள் பக்கம் திரும்பாமலே.

அவள் கீபோர்டை அவர் முன்னால் நகர்த்திவைத்தாள்.

“நீங்களே மூடுங்க சார்.”