மூன்றாம் அழைப்பு

என் புருஷன் கியூமர்ஸ் மரியாதை தெரிந்த மனுஷர். அந்த மரியாதை மண்ணாய்ப் போக.

பனிச்சறுக்கு விளையாட டெஹ்ரானிலிருந்து மலைக்குப் போயிருந்தோம். மத்தியானம் பனி கொட்ட ஆரம்பித்தது, ரோப்காரை நிறுத்திவிட்டார்கள். வந்த கூட்டமெல்லாம் காரில் ஏறி மலை இறங்கியது. நாங்களும் கிளம்பினோம். வருஷா வருஷம் எங்களுக்குச் சறுக்குக் கட்டை வாடகைக்குத் தரும் எய்னுல்லா ஓடிவந்து கார்க் கண்ணாடியைத் தட்டினார்.

"கியூமர்ஸ் கான், கீழ வளைவுல பனி சரியும்போல இருக்கு. ராத்திரி நம்ம வீட்ல தங்கிட்டுப் போங்க."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?"

"என்ன சிரமம்? உங்க காலடி என் கண்ணு மேல. வாங்க."

"உங்க நிழல் எங்களுக்குக் குறையாம இருக்கட்டும். இன்னொரு நாள் வர்றோம்."

எங்கள் ஊர் வழக்கத்தில் முதல் இரண்டு தடவை சும்மா பேச்சுக்கும் கூப்பிடுவார்கள். உடனே சரியென்றால் பரக்காவெட்டி என்பார்கள். மூன்றாவது தடவையும் கூப்பிட்டால்தான் மனசார வருகிறது என்று அர்த்தம். கியூமர்ஸ் அதற்குத்தான் காத்திருந்தார். அதற்குள் பின்னால் நின்ற வேன்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். எய்னுல்லா ஒதுங்கினார், இவர் வண்டியை எடுத்துவிட்டார்.

"நிறுத்துங்க. சரின்னு சொன்னா வாய் வெந்துடுமா?" என்றேன்.

"அவர் ரெண்டு தடவதானே கேட்டார்? சும்மா கேட்டிருப்பார். திடுதிப்னு போய் நின்னா அவர் வீட்டம்மா பாவம், என்ன பண்ணுவாங்க?"

"என்னவோ பண்ணட்டும். உயிர் இருந்தா மானத்த அப்புறம் பாத்துக்கலாம்."

அவர் சிரித்தார். வளைவில் திரும்பும்போது மலையே இறங்கி எங்கள் மேல் விழுந்தது.

ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு வந்து என்னை உயிரோடு எடுத்தார்கள். கியூமர்ஸ் பக்கத்துக் கதவு பாறையில் நசுங்கியிருந்தது. அவருக்கு மூச்சில்லை. அவரைப் பள்ளிவாசலுக்குத் தூக்கிப்போனார்கள். என்னை எய்னுல்லா தம் வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

உள்ளறையில் கணப்பு எரிந்தது. தரையில் இரண்டு மெத்தை விரித்து, இரண்டு கம்பளியும் மடித்து வைத்திருந்தது. அடுப்பில் கோழி வெந்துகொண்டிருந்தது.

"இதெல்லாம் எப்போ செஞ்சீங்க?" என்று எய்னுல்லாவின் மனைவி துரானிடம் கேட்டேன்.

"ரோப்கார் நின்னதுமே சொல்லிட்டாரும்மா. கியூமர்ஸ் கானும் சம்சாரமும் இனி கீழ போக முடியாது, கோழிய அறு, படுக்கையப் போடுன்னாரு. எல்லாத்தையும் தயார் பண்ணிட்டுத்தான் உங்களக் கூப்பிட ஓடினாரு."

ஐயோ, என் பாவி மனுஷா. உனக்குப் படுக்கை போட்டுவிட்டுத்தானே கூப்பிட வந்தார்கள். அந்த இரண்டாவது மெத்தையைக் கட்டிக்கொண்டு விடியும்வரை அழுதேன்.