வளைந்ததை நிமிர்த்தியவர்

எங்கள் சோதனைக்கூடத்தில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறார். தலை கிடையாது, கை கிடையாது. ரப்பரில் செய்த இடுப்பும் இரண்டு தொடைகளும் மட்டும்தான். அவருக்கு ஜீன்ஸ் போட்டுவிட்டு, பாக்கெட்டில் புதுப் போனைச் செருகிப் பொத்தானை அமுக்கினால் நாற்காலியில் உட்கார்வார், எழுவார், மறுபடி உட்கார்வார். மணிக்கு எழுநூறு முறை. உட்கார்வதும் எழுவதும் தவிர வேறொரு வேலையும் செய்யாததால் அந்தப் பெயர். வைத்தது நான்தான்.

மெல்லிய போன்கள் பாக்கெட்டில் இருக்கும்போது வளையுமா வளையாதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. பன்னிரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வளையும் என்று நான் எழுதிவிட்டால் அந்தப் போன் கடைக்குப் போகாது. எனக்கு வாய் நீளம் என்பார்கள், கோபம் மூக்கு நுனியில் என்பார்கள். என் கண்ணைக் குறை சொன்னவர் மட்டும் யாருமில்லை. வீட்டில் சுவரில் மாட்டிய கடிகாரம் ஒரு நூல் சாய்ந்திருந்தால்கூட எனக்குச் சாப்பாடு இறங்காது. அதனால் என் வீட்டுக்காரர் என்னை இன்ஸ்பெக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்.

அவருக்கு ஆஸ்பத்திரியில் வேலை. எலும்பு முறிந்தவர்களின் வார்டில், எழுந்திருக்க முடியாதவர்களைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பது, திரும்பப் படுக்க வைப்பது. "தூக்குற வேலை" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வார். நானும் அதற்கு மேல் கேட்டதில்லை.

இந்த முறை வந்த போனின் தடிமன் ஐந்தரை மில்லிமீட்டர். மேசையில் வைத்தால் ஏதோ அட்டை கிடக்கிறது என்று நினைக்கத் தோன்றும். மாப்பிள்ளை அதன் மேல் இருபதாயிரம் முறை உட்கார்ந்தார். ஒன்றும் ஆகவில்லை. கடைசியாக வீட்டுச் சோதனை. எங்களில் பத்துப் பேர் வீட்டுக்கு ஆளுக்கொன்று எடுத்துப்போய், வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, பன்னிரண்டு வாரம் கழித்துத் திருப்பித் தர வேண்டும். கூடவே ஒரு தாள். எப்படி வைத்திருந்தீர்கள், என்ன குறை கண்டீர்கள் என்று அவர்கள் கைப்பட எழுத வேண்டும்.

என் பங்குக்கு வந்ததை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். "இது வளையாது, பயப்படாம வெச்சுக்கோங்க. நான் கேரண்டி" என்று ஜம்பமாகச் சொல்லித்தான் கொடுத்தேன்.

பன்னிரண்டு வாரம் முடிந்த திங்கட்கிழமை பத்துப் போன்களும் திரும்பி வந்தன. எங்களிடம் மழமழவென்று தேய்த்த கருங்கல் பலகை ஒன்று உண்டு. அதன் மேல் போனைக் கவிழ்த்து வைத்து, பின்னாலிருந்து விளக்கடித்துப் பார்ப்போம். நேராக இருந்தால் அடியில் வெளிச்சம் வராது. வளைந்திருந்தால் நடுவில் ஒரு கீற்று தெரியும். ஒன்பது போன்களில் வெளிச்சமே இல்லை. பத்தாவதில் இரண்டு கீற்று, இங்கொன்றும் அங்கொன்றுமாக.

இரண்டு கீற்று என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். வளைந்த போன் ஒற்றைக் கீற்றுதான் காட்டும். வளைந்ததை யாரோ மெனக்கெட்டு நிமிர்த்தினால்தான் இப்படி நெளிநெளியாக நிற்கும். பெட்டியில் ஒட்டிய எண்ணைப் பார்த்தேன். என்னுடையது. கூட வந்த தாளை எடுத்தேன். அவருடைய குண்டு குண்டான கையெழுத்தில், "ஒரு குறையும் இல்லை. அருமையான போன்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமை நான் கையெழுத்துப் போட வேண்டும். நான் விளக்கடித்துப் பார்க்காமல் தாளை மட்டும் நம்பியிருந்தால் வளைகிற போனை வளையாது என்று எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பியிருப்பேன். அதுவும் யார் பேச்சை நம்பி? கட்டின புருஷன் பேச்சை நம்பி.

சாயங்காலம் அவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போனை அவர் முன்னால் நீட்டினேன்.

"இத யாரு நிமித்துனது?"

அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையும் களவுமாகப் பிடிபட்டவருக்குச் சிரிப்பு வேறு.

"கண்டுபிடிச்சிட்டியா? நான் நல்லா வந்திருச்சின்னுல்ல நெனச்சேன்."

"சிரிக்காதீங்க. எதுல வெச்சு நிமித்துனீங்க?"

"ரெண்டு பலகைக்கு நடுவுல வெச்சு, மெத்தைக்கு அடியில. மூணு நாள்."

"நம்ம மெத்தைக்கா?"

"ஆமா. உன் பக்கம்." கொஞ்சம் தயங்கினார். "என் பக்கத்தவிட அங்கதான் கனம் ஜாஸ்தி."

மூன்று நாள் எனக்கு இடுப்பு வலித்ததற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது. வளைந்த போனின் மேல் படுத்துத் தூங்கிவிட்டு, காலையில் எழுந்து வளைவு பார்க்கும் வேலைக்குப் போயிருக்கிறேன். சிரிப்பு வந்தது, ஆனால் விட்டுக்கொடுக்கிற மனநிலையில் நான் இல்லை.

"பூசி மெழுகாதீங்க. மத்த ஒம்போதும் நேரா வந்திருக்கு, இது மட்டும்தான் வளைஞ்சிருக்கு. குறையே இல்லன்னு ஏன் எழுதுனீங்க?"

அவர் செருப்பை ஓரமாக வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"போன்ல என்னம்மா குறை? நீ பாத்துப் பாத்து சோதிச்சது. மத்த ஒம்போதும் நல்லாத்தானே இருக்கு? என்கிட்ட வந்ததுதான் கெட்டுப்போச்சு. நான் வெச்சுக்கிட்ட லட்சணம் அப்படி. என் முரட்டுத்தனத்துக்கு உன் பேரு கெடணுமா?"

அவர் அதை எந்த வருத்தமும் இல்லாமல் சொன்னார். மழை பெய்தால் நனையத்தான் செய்யும் என்பதைப் போலச் சொன்னார். அதுதான் என்னைச் சுட்டது. பதினொரு வருடக் குடித்தனத்தில் ஒரு கண்ணாடி டம்ளரைக்கூடக் கீழே போட்டவரில்லை அவர். முரட்டுத்தனம் என்ற சொல்லுக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது.

மறுநாள் நான் லீவு சொல்லிவிட்டு அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தலைமை நர்ஸிடம் விஷயத்தைச் சொல்லி அனுமதி வாங்கினேன். கையில் எங்கள் கூடத்தின் அழுத்தமானித் தாள் ஒன்று. போன் அளவுக்குத்தான் இருக்கும். பாக்கெட்டில் வைத்தால் எவ்வளவு அழுத்தம் படுகிறது என்று என் கையிலிருக்கும் திரைக்கு எண் வரும்.

அவர் சீருடையில் சட்டைப் பாக்கெட்டும் உண்டு. அதில் எதையும் வைக்க மாட்டார்கள். குனியும்போது நோயாளி மேல் விழுந்துவிடும். அதனால் பேனா, சீப்பு, போன் எல்லாமே தொடைப் பாக்கெட்டில்தான். அந்தப் பாக்கெட்டில் தாளை வைத்துவிட்டு, வார்டின் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

முதல் கட்டிலில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், இடுப்பெலும்பு முறிந்தவர். என் வீட்டுக்காரர் அவர் தோளுக்குக் கீழே ஒரு கையும் முழங்காலுக்குக் கீழே ஒரு கையும் கொடுத்தார். கட்டிலின் ஓரத்து இரும்புக் குழாயில் தன் வலது தொடையை நன்றாக முட்டுக் கொடுத்துக்கொண்டார். பெரியவரின் கனம் முழுவதையும் முதலில் அந்தத் தொடைக்கு இறக்கி, ஒரு மூச்சு அப்படியே நின்று, பிறகு மெல்ல நிமிர்ந்தார். என் கையிலிருந்த திரை எழுபத்துநான்கு கிலோ என்றது. மாப்பிள்ளை தன் வாழ்நாளில் முப்பதைத் தாண்டியதில்லை.

"தொடைய அங்க முட்டாம தூக்க முடியாதா?" என்று அவரிடம் கேட்டேன்.

"தூக்கலாம். ஆனா ஒரு குலுக்கு குலுக்கும். முறிஞ்ச எலும்பும்மா. அவங்களுக்கு உசிரு போயிரும்."

நாற்காலியில் உட்கார்ந்த தபால்காரர் என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, நீங்கதான் இவரு சம்சாரமா? மத்தவங்க தூக்க வந்தாலே நான் அழுதுருவேன். இவரு தூக்குனா, தூக்குனதே தெரியாது."

மத்தியானத்துக்குள் அவர் இருபத்தாறு முறை தூக்கினார். இருபத்தாறு முறையும் எழுபதுக்குக் குறையவில்லை. நான் எண்களை எழுதிக்கொண்டே வந்தேன். பன்னிரண்டு வாரத்துக்குப் பெருக்கிப் பார்த்தபோது அந்தப் போன் உடையாமல் வளைந்ததோடு விட்டதே பெரிய காரியம் என்று தோன்றியது.

தாளைத் திரும்ப எடுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. தொடைக்கும் குழாய்க்கும் நடுவில் இந்தப் போன் வந்தது இந்தப் பன்னிரண்டு வாரமாகத்தான். இவர் தூக்குவது பதினாறு வருடமாக.

துணி அடுக்கும் அறைக்கு அவரைக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். "காலைக் காட்டுங்க" என்றேன். "என்ன இது, ஆஸ்பத்திரியில வெச்சு" என்று அசடு வழிந்தார். நான் விடவில்லை. வலது தொடையில், குழாய் படுகிற உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துப் போயிருந்தது. எனக்குப் புதிதல்ல அது. கல்யாணமான முதல் மாதமே பார்த்திருக்கிறேன். என்ன இது என்று கேட்டதற்கு, பிறந்ததிலிருந்தே இருக்கும் மச்சம் என்றார். நம்பிவிட்டேன். தலைமுடி அகலத்துக்கு ஒரு போன் வளைந்தால் கண்டுபிடிக்கிறவள் பதினொரு வருடமாக அதை மச்சம் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஏன் பொய் சொன்னீங்க?"

"புதுப் பொண்ணு. வந்ததும் வராததுமா கவலைப்படணுமா? அப்புறம் அதுவே மச்சமாவே ஆயிருச்சு."

எனக்கு அவர் மேல் வந்த கோபம் பாதியிலேயே என் பக்கம் திரும்பிவிட்டது.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் மேலாளர் பேனாவையே நீட்டிவிட்டார். நல்ல மனிதர், அவசரக்காரர். நான் பேனாவை வாங்கவில்லை. எண்களை அவர் முன் வைத்தேன். வளைகிறது என்றேன்.

"இது அன்றாடப் பயன்பாடு இல்லையே. ஆஸ்பத்திரி வேலையாச்சே" என்றார்.

"அவருக்கு அன்றாடம் அதுதான் சார்."

"நம்ம பட்டியல்ல இது இல்லம்மா."

அந்தப் பட்டியல் நான் எழுதியது. உட்கார்வது, எழுவது, நடப்பது, படியேறுவது, குனிந்து செருப்பு மாட்டுவது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற ஆறு பேர் கூடி, மனிதர்கள் ஒரு நாளில் இவ்வளவுதான் செய்வார்கள் என்று முடிவு கட்டியிருந்தோம். வீட்டில் என் பக்கத்திலேயே படுத்திருக்கும் ஆளின் ஒரு நாள்கூட அதில் இல்லை.

"பட்டியல் தப்பு சார். தப்பு என்னோடது. பெட்டி இறக்குறவங்க, மேசை விளிம்புல தொடைய முட்டிக்கிட்டு மாவு பிசையுறவங்க, வண்டி தள்ளுறவங்க, எல்லாரும் பாக்கெட்ல போன் வெச்சிருக்காங்க. போன் வளைஞ்சா தன் மேலதான் தப்புன்னு நெனச்சுக்குவாங்க. யாரும் நம்மகிட்ட வந்து சொல்லமாட்டாங்க."

 மேலாளர் எண்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார். போன் வடிவமைப்பாளர்களிடம் திரும்பிப் போனது. உள்ளே ஒரு தண்டு கூடுதலாக வைக்க ஏழு வாரம் கேட்டிருக்கிறார்கள்.

போனுக்கு ஏழு வாரம் போதும். அதைவிட அவசரமான வேலை எனக்கு வீட்டில் இருந்தது. அதிர்ச்சியைத் தாங்கும் பஞ்சு எங்கள் கூடத்தில் விதவிதமாக உண்டு. இருப்பதிலேயே நல்லதாக ஒரு துண்டு கேட்டு வாங்கி, துணி வைத்துத் தைத்து, தொடையில் கட்டிக்கொள்ள இரண்டு பட்டை வைத்தேன். சனிக்கிழமை காலை அவருக்குக் கட்டிவிட்டேன்.

"மேட்ச் ஆடப் போற மாதிரி இருக்கு" என்றார். "கையெழுத்துப் போடலியாமே? என்னாலயா?"

"உங்களாலதான். பேசாம நில்லுங்க. இது தாங்குதான்னு பாக்கணும். என்னைத் தூக்குங்க."

"உன்னையா?"

"ஏன், மெத்தைக்கு அடியில பலகை வெக்கும்போது என் கனம் இனிச்சுது, இப்ப கசக்குதா?"

சிரித்துக்கொண்டே வந்தார். நான் கட்டிலில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். சிரிப்பு நின்றது. ஒரு கை தோளுக்குக் கீழே வந்தது, ஒரு கை முழங்காலுக்குக் கீழே வந்தது. கட்டில் சட்டம் லேசாகக் கிறீச்சிட்டது. அவ்வளவுதான். படுக்கையில் இருந்தேன், பிறகு அவர் கையில் இருந்தேன். நடுவில் எனக்கு எதுவுமே நடக்கவில்லை. என் அறுபத்தெட்டு கிலோவும் எந்த இடத்தில் போய் இறங்கியது என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது.

கண்ணைத் திறந்தேன். திறந்ததும் நீர் வழிந்துவிட்டது. அவருக்குத் தொடை வலித்ததா என்று கேட்க நான் வாயெடுப்பதற்குள், அவர் பதறிப்போய்க் குனிந்து என்னைக் கேட்டார்.

"எங்கயாவது வலிச்சிருச்சா?"