நவம்பர் மாதத்துக் கொக்குகள்

எலிசா கணவனின் இடது கன்னத்தைச் சேவ் எடுத்து முடித்து, றேசரைக் கோப்பைத் தண்ணீரில் அலசினாள். பேனாட் முகத்தை மெல்லத் திருப்பி மற்றப் பக்கத்தைக் காட்டினார். வயிற்றில் புற்றுநோய். இனி மருந்து இல்லை என்று திங்கட்கிழமை டொக்டர் பிரெஞ்சில் சொன்னதை, மகள் ஜொய்சி தாய்க்குத் தமிழில் சொல்லியிருந்தாள்.

ஜொய்சி ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் இருந்து ஒரு பழைய ஜேர்மன் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். இருநூறு வருடங்களுக்கு முன் வாழ்ந்த எழுத்தாளர் ஒருவரின் கடிதங்கள். பேனாட் அகதியாக ஜேர்மனியில் கோப்பை கழுவிய காலத்தில் பழைய கடையொன்றில் வாங்கியது. அதையும் ஒரு அகராதியையும் வைத்துத்தான் அவர் பாஷை பழகினார். பிறகு மொன்றியலுக்கு வந்து, புவாண்ட்-கிளேரில் வெயார்ஹவுஸ் வேலை முடிந்ததும் ஏரிக்கரையில் கொஞ்சநேரம் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். கடிதத்தில் ஒரு மரம் துளிர்த்த நாள் இருந்தால், ஏரிக்கரை மேப்பிள் துளிர்த்த நாளை அதன் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைப்பார்.

"அப்பா தொண்ணூற்றிரண்டிலை இருந்து எழுதியிருக்கிறார் அம்மா. ஐஸ் உடைஞ்ச நாள், வாத்து வந்த நாள். வரவர எல்லாம் முந்துது."

"எல்லா வருசமும் இல்லை," என்றார் பேனாட் கண்களைத் திறக்காமல். "ரெண்டாயிரத்து மூண்டிலை பிந்தினது. வடிவாப் பார்."

ஜொய்சி சிரித்தாள். கோப்பி வாங்கி வருவதாகச் சொல்லிக் கீழே போனாள்.

"நான் உமக்கு எழுதின கடிதங்கள் இருந்திருந்தா, அதையும் பிள்ளைக்குக் குடுத்திருக்கலாம்," என்றார் பேனாட்.

எலிசாவின் கை நின்றது.

அவர் ஜேர்மனியில் இருந்த ஏழு வருடமும் அவள் மன்னாரில் பிள்ளையோடு தனியே இருந்தாள். ஆமியின் சுற்றிவளைப்பு, கடைகளில் சாமான் இல்லை, எங்களை எப்போது கூப்பிடுவீர்கள் என்று அவள் எழுதுவாள். ஆற்றின் மேல் மூடுபனி இடுப்பளவு உயரத்தில் நின்றது என்று அவர் பதில் எழுதுவார். ஒரு மழைநாளில் பதினேழு கடிதங்களையும் அவள் அடுப்பில் வைத்தாள். இடம்பெயர்ந்தபோது தொலைந்துவிட்டதாகப் பிறகு சொன்னாள். பரவாயில்லை என்றுதான் அவர் அன்றைக்குச் சொன்னார்.

"அது துலையேல்லை. நான்தான் எரிச்சனான்."

பேனாட் கண்ணைத் திறந்தார். முகத்தில் கோபம் தெரியவில்லை. வேறு எதுவும் தெரியவில்லை.

"எனக்கு அப்ப அவ்வளவு ஆத்திரம். பிள்ளைக்குக் காய்ச்சல். நீங்கள் மரத்தைப் பற்றி எழுதியிருந்தீங்கள்."

"இந்தப் புத்தகத்து மனுசன் தன்ரை கவலையை எழுதமாட்டான். கண்டதை எழுதுவான். கவலையை எழுதினா நீர் அங்கை என்ன செய்யிறது? கண்டதை எழுதினா நீரும் காணலாம் எண்டு நினைச்சன்." மூச்சு வாங்கினார். பிறகு கேட்டார்: "எப்பிடி எரிஞ்சது?"

"என்ன?"

"கடுதாசி. எப்பிடி எரிஞ்சது?"

அவள் யோசித்தாள். இருபது வருடத்தில் அதை ஒருவருக்கும் சொன்னதில்லை.

"விறகு ஈரம். முதல் புகைதான் வந்தது. பேந்து அந்த நீலக் கடுதாசியின்ரை ஓரம் கறுத்துச் சுருண்டது. முழுக்கக் கறுத்தாப் பிறகும் எழுத்து மட்டும் வெள்ளி மாதிரி கொஞ்சநேரம் நிண்டது."

"வாசிச்சனீரோ?"

"ஒரு சொல்லுத்தான். கொக்கு எண்டு இருந்தது."

"ஓம். நவம்பர். நூறுக்கு மேலை போனது, சத்தம் போட்டுக்கொண்டு." அவர் மறுபடி கண்ணை மூடினார். "பிறகு?"

"பிறகு என்ன, சாம்பல். உலை கொதிச்சுது."

"அரிசி போட்டனீரோ?"

"போட்டன்."

அவர் தலையை அசைத்தார். அவள் றேசரை எடுத்து வலது கன்னத்தையும் முடித்தாள். ஈரத்துவாயால் முகத்தைத் துடைத்தபோது அவர் நித்திரையாகிவிட்டிருந்தார். ஜொய்சி கொண்டுவந்த கோப்பி ஆறியது. பதினொன்றரைக்கு மூச்சு நின்றது. நேர்ஸ் வந்து மணிக்கூட்டைப் பார்த்து எழுதினாள். ஜொய்சி பிரெஞ்சுப் பத்திரங்களில் கையெழுத்துப் போட்டாள். பூசைக்கு நாள் கேட்டுப் பங்குத்தந்தைக்கும் அவளே போன் எடுத்தாள்.

இரண்டு மணிபோல் இருவரும் வெளியே வந்தார்கள். ஏப்ரல் வெயில். கார்த் தரிப்பிடத்தின் மூலையில், மாரி முழுக்க வழித்துத் தள்ளிய பனி ஒரு குவியலாக, மண்ணும் கல்லும் படிந்து கறுத்துக் கிடந்தது. அடியிலிருந்து தண்ணீர் கசிந்து தாரில் ஒரு கோடாக ஓடியது. எலிசா நின்றாள்.

"அம்மா, வாங்கோ. வீட்டிலை மாமா ஆக்கள் பாத்துக்கொண்டிருப்பினம்."

"பொறு."

ஒரு சிட்டுக்குருவி அந்தத் தண்ணீரில் இறங்கிச் செட்டையை உதறியது. நனைந்தது. திரும்பவும் உதறியது. ஜொய்சி ஸ்ராட் பண்ணிய காரை நிற்பாட்டிவிட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.