இரண்டாம் அழைப்பு

மலேசியாவின் மெர்சிங் படகுத்துறைக்கு எதிரே, ஒரு காலத்தில் தான் நடத்திய உணவகத்தில் ருக்னுதீன் வாடிக்கையாளராக உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. காலடியில் ஒரு பை. மகள் நஜ்வா ஜொகூர் பாருவில் வாங்கிய புது வீட்டில் இன்று விருந்து.

"மாமா, கெளம்பலையா? பஸ் போயிரும்லா," என்றான் கடையை வாங்கிய ஆசிக்.

"கூப்பிடுவா. பாத்துட்டுப் போறேன்."

"கூப்பிடாமலா சட்டையத் தேச்சீங்க?"

அழைப்பு போன வாரமே கைப்பேசியில் வந்திருந்தது. அதன் கீழே பச்சையாக ஒரு பொத்தான், சிவப்பாக ஒன்று. சிவப்பில் 'டிக்ளைன்' என்றிருந்தது. அவர் அறிந்த சொல்தான். அவருடைய பார்வையைப் பற்றி டாக்டரும், கடை வியாபாரத்தைப் பற்றிக் கணக்காளரும், குறைந்து வருகிறது என்ற பொருளில் அதைச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே அது மறுப்பதற்கு என்று புரிந்தது. அதையே அழுத்தினார்.

கேட்டவுடன் சரி என்பது அவருக்கு மரியாதையாகப் பட்டதில்லை. வேண்டாம் என்பார், மறுபடி கேட்பார்கள், போவார். மனைவி ஜெய்னம்பு இருந்தவரை, "அவங்க அப்படித்தான் சொல்வாங்க, இன்னொரு வாட்டி கேளுங்க," என்று அழைப்பவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவைப்பாள். அவள் போன பிறகு வீட்டுக்கு வரும் அழைப்புகள் குறைந்துகொண்டே வந்தன.

"சோறு போடவா மாமா?"

"வேணாம்ப்பா."

ஆசிக் காதில் வாங்காமல் தட்டை வைத்து மீன் குழம்பை ஊற்றினான். "மகளுக்கு என்ன பதில் சொன்னீங்க?"

"வேணாம்னு அமுக்குனேன்."

"அலமாக்! போனு ரெண்டாவது வாட்டி கேக்காது மாமா. நீங்களே கூப்பிடுங்க."

கூப்பிட்டார். மறுமுனையில் ஒரே இரைச்சல்.

"வாப்பா! நீங்க வரலன்னதும் ஒரு மாதிரி ஆயிருச்சு. அலைச்சல்னு நெனைக்கிறீங்களோன்னு விட்டுட்டேன். இப்ப கார் அனுப்பவா?"

"வேணாம்மா. விருந்தாளுங்கள வச்சுக்கிட்டு ஒனக்கு எதுக்குச் சிரமம்." வாய் முந்திக்கொண்டது.

"சரி வாப்பா. ஒங்க விருப்பம்."

அவர் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவளும் இணைப்பைத் துண்டிக்க மறந்திருந்தாள். யாரோ விருந்தாளியிடம் அவள் பேசுவது கேட்டது.

"என்னங்க, வேணாம்னா விட்டுருவேனா? இன்னொரு கரண்டி வாங்கிக்குங்க."

அந்த விருந்தாளி சிரித்துக்கொண்டே தட்டை நீட்டியிருக்க வேண்டும். கரண்டி பாத்திரத்தில் படும் ஓசை வந்தது. பிறகு இணைப்பு அறுந்து அதுவும் நின்றது.