அந்தரத்துக்கு ஓர் அதிகாரி

தீர்ப்பு வெளியான வியாழக்கிழமையிலிருந்து மயிலாத்தாளின் சாய்ந்த தென்னையில் அற்று விழுந்த தேங்காய்கள் தரைக்கு வரவில்லை. இருபதடி உயரத்தில் அந்தரத்தில் நின்றன. மயிலாத்தாள் முந்தானையால் வெயிலை மறைத்து அண்ணாந்து பார்த்தாள். பிறகு செக்கடிக்குப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள்.

மரம் அவளுடைய தோப்பின் கடைசியில், கிழக்கு மாநிலத்தில் நின்றது. ஆனால் எல்லைக்கல்லைத் தாண்டி மேற்கு மாநிலத்துக்குள் சாய்ந்திருந்தது. அதனால் தேங்காயெல்லாம் அந்தப் பக்கம், தாமுவின் டீக்கடை வாசலில்தான் விழும். அவர் பொறுக்கி வேலிக்கு இப்பால் போடுவார். அவள் வருஷத்துக்கு இரண்டு தூக்கு எண்ணெய் கொடுத்தனுப்புவாள். இரண்டு மாநிலத்து வரி அதிகாரிகளும் ஒரே நாளில் அங்கே டீ குடிக்க வந்ததுதான் தொந்தரவாகிப் போனது. இங்கே காய்த்தது எங்களுக்கு என்றார் கிழக்கு அதிகாரி. இங்கே விழுந்தது எங்களுக்கு என்றார் மேற்கு அதிகாரி. வழக்கு தலைமை நீதிமன்றத்துக்குப் போயிற்று.

அங்கே ஒன்பது நீதிபதிகள். நான்கு பேர் வேரைப் பார்க்க வேண்டும் என்றார்கள். நான்கு பேர் விழுந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஒன்பதாமவர், நீதியரசர் திருமேனிநாதன், விழுந்துகொண்டிருக்கும் தேங்காயைப் பற்றி எழுதினார். விழுந்துகொண்டிருப்பது எந்த மாநிலத்துக்கும் சொந்தமில்லை, ஒருவருக்கும் சொந்தமில்லாதது எல்லோருக்கும் சொந்தம், எல்லோருக்கும் சொந்தமானது மத்திய அரசுக்குச் சொந்தம். இதைக் கேட்டதும் வேர்க்கட்சி நால்வரும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். மேற்குக்குப் போவதைவிட அது தேவலை என்று அவர்களுக்குப் பட்டது. ஐந்துக்கு நான்கு.

திங்கட்கிழமை சபேசன் வந்து சேர்ந்தார். மத்திய அரசின் அந்தர ஆய்வாளர். முப்பத்தெட்டு வயது, நகரத்துக்காரர், உயரம் என்றால் பயம். அவருடைய நியமன உத்தரவில் ஒரு நாற்காலியும் இழுப்பறை வைத்த ஒரு மேசையும் இருபதடி உயரத்தில் அனுமதிக்கப்பட்டிருந்தன. எனவே அவை அங்கே நின்றன. தாமு தந்த ஏணியில் கண்ணை மூடிக்கொண்டு ஏறி நாற்காலியில் உட்கார்ந்தவர் பிறகு இறங்கவே இல்லை. கண்ணைத் திறந்தால் நேராகப் பார்ப்பார். கீழே பார்க்க மாட்டார்.

"சாப்பாட்டுக்கு என்னங்க சார் பண்ணுவீங்க?" என்று மயிலாத்தாள் கேட்டாள்.

"உத்தரவில் அதைப் பற்றி ஒன்றும் இல்லைம்மா."

அன்றிலிருந்து கயிற்றில் கட்டிய தூக்குப்போசியில் அவள் சோறு அனுப்பினாள். புளிப்பு அவருக்கு ஆகாது என்று இரண்டாம் நாளே தெரிந்துகொண்டாள்.

சபேசன் ஒழுங்கான அதிகாரி. ஒவ்வொரு தேங்காய்க்கும் படிவம் எழுதித் தலைநகருக்கு அனுப்பினார். பதில் வர நாற்பது நாள் ஆயிற்று. மற்ற மரங்களில் அந்த வருஷம் குரும்பை எல்லாம் பிஞ்சிலேயே உதிர்ந்துவிட்டது. ஆட்டுவதற்குக் கொப்பரை இல்லாமல் செக்கு சும்மா நின்றது. வேலை இல்லாத செக்குமாடு நேராக நடக்கப் பழகிக்கொண்டது. முதலில் வேலி வரை போய்த் திரும்பியது. பிறகு போய்விட்டு அடுத்த நாள் வந்தது. பிறகு வரவில்லை. நேராக நடந்து ருசி கண்ட மாட்டை மறுபடி வட்டத்தில் நடக்கவைப்பது லேசில்லை.  மயிலாத்தாளுக்கு அந்தச் செக்கை விட்டால் வேறு பிழைப்பு இல்லை.

ஆடி மாதம் தலைநகரிலிருந்து சுற்றறிக்கை வந்தது. எல்லைக்கு மேலே அந்தரத்தில் கடக்கும் எல்லாமே மத்திய அரசின் அதிகாரத்துக்குள் வரும். டீக்கடைப் புகை வந்தது. காக்கைகள் வந்தன. பேச்சும் வந்தது. தீர்ப்பு ஐந்துக்கு நான்கு என்பதால், எல்லையைத் தாண்டும் ஒன்பது வார்த்தைகளில் முதல் ஐந்து மத்திய அரசுக்கு, மிச்சம் நான்கு கேட்பவருக்கு.

இது தெரியாமல் மயிலாத்தாள் வேலியோரம் நின்று கூப்பிட்டாள். "தாமண்ணா, நாளைக்குச் சந்தைக்குப் போறப்ப எனக்கு ஒரு கிலோ வெல்லம் வாங்குங்க!"

தாமுவின் காதில் விழுந்தது: "ஒரு கிலோ வெல்லம் வாங்குங்க!"

மயிலாத்தாள் வெல்ல வியாபாரத்தில் இறங்கிவிட்டாள் என்று நினைத்த தாமு, மனம் நோகாமல் பதில் சொன்னார். "வேண்டா சேச்சி, கடையில சர்க்கரை உண்டு, வெல்லம் இப்போ ஆரும் கேட்கிறதில்லை."

அவளுக்குக் கேட்டது: "வெல்லம் இப்போ ஆரும் கேட்கிறதில்லை."

நான் இப்பத்தானே கேட்டேன் என்று மயிலாத்தாளுக்குச் சுருக்கென்றது. ஒரு கிலோ வெல்லத்துக்கு இப்படி ஒரு பேச்சா? அவள் வீட்டுக்குள் போய்விட்டாள். இருவருக்கும் பேச்சு நின்றது. மேலே சபேசன், வந்த பத்து வார்த்தைகளையும் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். என்ன நடந்தது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"அந்த மனுசன் என்னதாங்க சார் சொன்னாரு?" என்று மயிலாத்தாள் ஒருநாள் போசியை அனுப்பும்போது கேட்டாள்.

"அது அரசு உடைமைம்மா," என்றார் சபேசன். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பாதிச் சோறு திரும்பி வந்தது.

ஆவணியில் மயிலாத்தாள் ரயில் ஏறித் தலைமை நீதிமன்றத்துக்குப் போனாள். கட்டடத்தின் நடுவே ஒரு சுவர் இருந்தது. இடது அறையில் நான்கு நீதிபதிகள், வலது அறையில் நான்கு நீதிபதிகள். இரண்டு அறைக்கும் நடுவில் இருந்த கதவுநிலையில் திருமேனிநாதன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்திருந்ததால் கதவைச் சாத்த முடியவில்லை. சாத்த முடியாததால் அது ஒரே நீதிமன்றமாக இருந்தது.

"என்னம்மா குறை?" என்றார் அவர்.

"என்ற மாடு நேரா நடக்குதுங்கய்யா."

"எங்கே போகிறது?"

"தெரியலீங்க. போன வாரம் ஆறு மைலுக்கு அந்தால பாத்ததாச் சொன்னாங்க."

இடது அறை குறித்துக்கொண்டது. வலது அறையும் குறித்துக்கொண்டது. திருமேனிநாதன் தாடையைத் தடவினார்.

"தேங்காய் விழும்போது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?"

"மரத்துல இருக்கறதைப் பாத்திருக்கறேனுங்க. பொத்துனு சத்தம் கேக்கும். திரும்பிப் பாத்தாக் கீழ கெடக்கும்."

"நடுவில்?"

"நடுவுல என்னத்தைங்கய்யா பாக்கறது? எனக்கு வேல கெடக்குது."

திருமேனிநாதன் எழுந்தார். நாற்காலியை ஒரு சாண் வலப்பக்கம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். அன்று மாலையே தீர்ப்பு. ஐந்துக்கு நான்கு, இந்த முறை மற்ற நால்வரோடு. தேங்காய் மரத்தில் இருக்கிறது, அல்லது தரையில் இருக்கிறது. இடைப்பட்டது என்று ஒன்றை நேரில் பார்த்த சாட்சி இல்லை. எனவே இடைப்பட்டது என்று ஒன்று இல்லை.

மயிலாத்தாள் வாசலில் நீர்மோர் வாங்கிக் குடித்தாள். பாதி குடித்தபோது டம்ளர் கையில் நின்றது. திரும்பி உள்ளே போய் எழுத்தரிடம் கேட்டாள். "அங்க ஒரு சார் உக்காந்திருக்கறாருங்க. அவரு என்ன ஆவாருங்க?"

"எங்கே?"

"அந்தரத்துல."

எழுத்தர் தீர்ப்பைப் புரட்டினார். "அப்படி ஓர் இடம் இல்லையேம்மா. நகல் அவர் கைக்குப் போனதும் அமலுக்கு வருகிறது. பதிவுத் தபாலில் இன்றைக்கே அனுப்பியாச்சு."

நகலும் அவளும் ஒரே ரயிலில் வந்தார்கள். ஊர் பஸ்ஸில் தபால்காரர் ஞானசிகாமணி அவளுக்குப் பக்கத்து சீட்டில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மயிலாத்தாள் பையைப் பார்த்தபடியே வந்தாள்.

"அண்ணா, இன்னைக்கு மேலத் தெருவுக்கு மொதல்ல போயிட்டு வர முடியுமுங்களா?"

"சுத்தாச்சே."

"சுத்துத்தானுங்க."

ஞானசிகாமணி அவள் முகத்தைப் பார்த்தார். "சரி. பதினோரு மணிக்கு மேல வச்சிருக்க முடியாது."

அவள் ஓட்டமும் நடையுமாகத் தோப்புக்கு வந்து சேதியைச் சொன்னாள். சபேசன் நேராகப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார். இரண்டு மாநில அதிகாரிகளும் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் இங்கே முளைத்தவர் இல்லை என்றார் கிழக்கு அதிகாரி. இங்கே விழுந்தவரும் இல்லை என்றார் மேற்கு அதிகாரி.

"சார், மரத்துக்குத் தாவிருங்க," என்றாள் மயிலாத்தாள். "மரம் இருக்குது. தரை இருக்குது. நீங்க உக்காந்திருக்கற எடந்தான் இருக்காது."

"கீழே பார்த்தால் தலை சுற்றுகிறதும்மா."

"கீழ பாக்காதீங்க. என்னையப் பாருங்க."

"நீங்கள் கீழேதானே இருக்கிறீர்கள்."

மயிலாத்தாள் சுற்றிலும் பார்த்தாள். பிடித்துக்கொள்ள மரத்தில் ஒரு ஆள் வேண்டும், ஏணி வேண்டும். ஏணி தாமுவிடம் இருந்தது. தாமு அவள் பக்கம் திரும்பாமல் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். எல்லை தாண்டும் பேச்சில் முதல் ஐந்து வார்த்தை அரசுக்கு என்று நீதிமன்றத்தில் கேட்டிருந்த மயிலாத்தாள், விரலை மடக்கிச் சற்று யோசித்துவிட்டு வேலியோரம் போய்க் கத்தினாள்.

"அது இது அங்க இங்க சும்மா தாமண்ணா ஏணி கொண்டாங்க சீக்கிரம்!"

நான்கு வார்த்தைகளும் முழுசாகப் போய்ச் சேர்ந்தன. தாமு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஏணியோடு ஓடி வந்தார். மயிலாத்தாளும் வேலி தாண்டி அந்தப் பக்கம் போனாள். மரத்தில் சாத்தி ஏறி, தோளில் கிடந்த துண்டின் ஒரு நுனியை நீட்டினார். சபேசன் கண்ணை மூடிக்கொண்டு எழுந்தார். துண்டைப் பிடித்து ஒரு காலை எடுத்து வைக்கும்போது மேசையில் முழங்கால் இடித்தது. பூட்டு தெறித்து இழுப்பறை திறந்துகொண்டது. உள்ளே இருந்த வார்த்தைகளெல்லாம் தாமுவின் காதோரமாக ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறின. 'தாமண்ணா, நாளைக்குச் சந்தைக்குப் போறப்ப எனக்கு...' தாமு ஏணியிலேயே நின்றுவிட்டார்.

"சேச்சி! வெல்லம் நீங்களா கேட்டது?"

"பொறவு பேசலாம், அவரைப் புடிங்க!"

சபேசன் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சட்டை பூரா பாசி. சரியாகப் பதினோரு மணிக்கு ஞானசிகாமணி வந்து, உறையைக் கொக்கிக் கம்பில் மாட்டி மேலே நீட்டினார். சபேசன் பல்லால் பேனா மூடியைக் கழற்றிக் கையெழுத்துப் போட்டார். நாற்காலியும் மேசையும் இல்லாமல் போயின. நின்ற தேங்காய்கள் எல்லாம் டீக்கடை வாசலில் கிடந்தன. அவை விழுந்ததை யாரும் பார்க்கவில்லை.

"இனிக் கைய விட்டுருங்க சார்," என்றாள் மயிலாத்தாள்.

"விட்டால்?"

"நடுவுல ஒண்ணும் இல்லீங்க."

அவர் விட்டார். மேற்கு மாநிலத்து மண்ணில் நின்றுகொண்டிருந்தார். குனிந்து தன் செருப்பை வெகுநேரம் பார்த்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் கீழே பார்ப்பது அதுதான் முதல் தடவை. கண்ணில் நீர் வந்துவிட்டது. தாமு அவர் கையில் ஒரு டீயைக் கொடுத்தார். மேற்கு அதிகாரி அவரை வரவில் எழுதிக்கொண்டார்.

மாட்டைக் கொண்டுவருகிற பொறுப்பைச் சபேசன் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். அது சிரமமாக இல்லை. ஒன்று, மாடு அங்கே இருக்க வேண்டும், அல்லது இங்கே இருக்க வேண்டும். அவர் கூப்பிட்டதும் இங்கே இருந்தது. செக்கில் பூட்டியபோது முதலில் முறைத்தது. பிறகு ஒரு சுற்று வந்தது. மயிலாத்தாள் அதன் நெற்றியைத் தடவிக்கொடுத்து, இரண்டு தூக்கு எண்ணெயோடு தாமுவின் கடைக்குப் போனாள். ஒரு கிலோ வெல்லம் பொட்டலம் கட்டித் தயாராக இருந்தது.

தீர்ப்பு ஊர் ஊராகப் பரவியது. ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் இடைப்பட்டது என்றும் ஒன்று இல்லாமல் போயிற்று. பஸ்கள் கிளம்பிய இடத்திலேயே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. பயணிகள் ஏறிய படியிலேயே இறங்கினார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை மயிலாத்தாள் மாட்டுக்குத் தவிடு கரைக்கத் தொழுவத்துக்குப் போனபோது, தொழுவத்தின் பின்சுவர் வரை கடல் இருந்தது. ஒரு மீன்காரர் இடுப்பளவு தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆத்தா, இந்தத் தூணில கட்டிக்கிடவா?"

மயிலாத்தாள் தவிட்டுக் கையோடு யோசித்தாள்.

"கட்டுங்க," என்றாள். "கொஞ்சம் தள்ளிக் கட்டுங்க. மாடு ஒதைக்கும்."